விடுதியா, வெளி வீடா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "எந்தக் கல்லூரி?" என்பதாகும். அதற்கு உற்றார், உறவினர், அண்டை வீட்டார், பள்ளிவாசல் முற்றத்தில் சந்திப்போர் என அனைவரும் யோசனை கூறுவர். "பிள்ளை எங்கே தங்கும்?" என்னும் இரண்டாவது கேள்வியோ கல்லூரி திறக்கும் வாரம் வரையில் கேட்பாரற்றுக் கிடக்கும். பின்னர் அவசரத்தில் ஏதோ ஒரு விடுதியில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு வருவோம். அல்லது நான்கு பையன்கள் கூடி ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள் என்ற சொல்லை நம்பிப் பெட்டியைக் கட்டி அனுப்புவோம். மதிப்பெண் இருந்தும் சேர்க்கைச் சீட்டு கைக்கு வந்தும், தங்குமிடம் பற்றிய தயக்கம் ஒன்றினாலேயே வீட்டோடு நின்றுவிட்ட பெண் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் உண்டு. ஆகவே இத்திங்கள் இக்கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டைக் கொள்வோம். சென்னையின் மேற்குப் புறநகரில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆவடிப் பக்கமும், பூந்தமல்லிச் சாலையிலும், சூரப்பட்டு வழியிலும் பொறியியற் கல்லூரிகள். கொரட்டூரில் பக்தவத்சலம் நினைவு மகளிர் கல்லூரி. மாதனாங்குப்பத்தில் சோகா இகெதா மகளிர் கல்லூரி. பட்டாபிராமில் இந்துக் கல்லூரி. தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாப் பகுதியிலிருந்தும் இவற்றுக்கு வரும் மாணவர்கள் கல்லூரி விடுதி வேண்டாமென்றால் நாடுவது அம்பத்தூர், மேனாம்பேடு, கள்ளிக்குப்பம், புதூர் ஆகிய இடங்களிலுள்ள வாடகை வீடுகளையே. ஆனால் அவ்வீடுகளுக்கு அவர்கள் மட்டும் போட்டியில்லை. 1964-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும், பின்னாளில் அதே பேட்டையில் எழுந்த கணினி நிறுவனங்களிலும் பணிபுரியும் இளைஞர்களும் அதே அறைகளைத் தேடி அலைகின்றனர். மாதச் சம்பளம் வாங்குபவனும், தந்தையின் பணத்தில் படிப்பவனும் ஒரே வீட்டு வாசலில் நின்றால் வீட்டுக்காரர் யாருக்குச் சாவியைத் தருவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே தரும் தொகைகள் வழி காட்டுவதற்காக நாம் வைத்துக்கொள்ளும் தொகைகளேயாகும். உங்கள் கல்லூரி கேட்பதையும், உங்கள் தெருவின் வாடகையையும் அவ்விடங்களில் இட்டு நிரப்பிக் கொள்க.

ஒரு தனியார் கல்லூரி விடுதி, தங்குவதற்கும் உணவுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 95,000 ரூபாய் கேட்கிறது என்க. சலவை, மாலைச் சிற்றுண்டி முதலியவற்றுக்கு மேலும் 5,000. ஆக 1,00,000 ரூபாய். இத்துடன் காப்புத்தொகை என்று ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். அது படிப்பு முடிந்து வெளியேறுகையில் திரும்பி வர வேண்டியது. ரசீதைத் தொலைத்தவர்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை.

வெளியே மாத வாடகை 12,000 ரூபாய்க்கு ஒரு வீடு; நான்கு மாணவர்கள். தலைக்கு மாதம் 3,000. "விடுதியில் ஒரு லட்சம், இங்கே மூவாயிரந்தானே!" என்று பையன் தொலைபேசியில் உற்சாகமாகக் கூறுவான். தந்தையும் மகிழ்ந்து போவார். ஆனால் கல்லூரி நடப்பது ஏறத்தாழப் பத்து மாதம். வாடகையோ பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் வீட்டுக்காரருக்கு வாடகை வந்தாக வேண்டும். எனவே ஆண்டுக்கு 36,000. தரகருக்கு ஒரு மாத வாடகை என்பது இவ்வட்டாரத்து வழக்கம்; அதில் பங்கு 3,000. மின்சாரம், குடிநீர் கேன், பராமரிப்பு என மாதம் 600 வீதம் பத்து மாதத்துக்கு 6,000. பாய், தலையணை, அடுப்பு, பாத்திரம், மின்விசிறி ஆகியவற்றுக்கு முதலாண்டில் 6,000. பேருந்துக்கும் ரயிலுக்குமாக 5,000. இதுவரை 56,000 ரூபாய் ஆயிற்று. இன்னும் ஒரு கவளச் சோறு உண்ணவில்லை!

மூன்று வேளையும் கடையிலோ, வெளி மெஸ்ஸிலோ சாப்பிட்டால் மாதம் 4,500 என்று வைத்தாலும் பத்து மாதத்துக்கு 45,000. மொத்தம் 1,01,000. விடுதியை விட ஆயிரம் ரூபாய் கூடுதல். நால்வரும் முறை வைத்துச் சமைத்துக் கொண்டால் தலைக்கு மாதம் 2,800 எனக் கொள்வோம், ஆண்டுக்கு 28,000. அப்போது மொத்தம் 84,000 ஆகி, 16,000 ரூபாய் மிச்சப்படுகிறது. பத்து மாதத்தில் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பத்து மூன்று ரூபாய். அந்த ஐம்பத்து மூன்று ரூபாய்க்காகப் பையன் காய்கறி வாங்கி, சமைத்து, பாத்திரம் துலக்க வேண்டும்.

ஆக வெளி வீட்டின் சிக்கனம் வாடகையில் இல்லை, அடுப்பங்கரையில் இருக்கிறது. சமைக்கத் தெரியாத பிள்ளையை "செலவு குறையும்" என்று வெளி வீட்டுக்கு அனுப்புவதில் பொருளில்லை. நம் வீடுகளில் ஆண் பிள்ளைகளை அடுப்பங்கரைப் பக்கமே விடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் இரண்டு மாதம் உம்மாவின் அருகே நின்று சோறு வடிக்கவும் ஓர் ஆணம் வைக்கவும் கற்றுக்கொள்ளும் பையனுக்கு, மேற்படி கணக்கின்படி அக்கல்வி ஆண்டுக்குப் பதினேழாயிரம் ரூபாய் பெறும்.

இக்கணக்கை நிலைகுலையச் செய்யும் சில விஷயங்கள் உண்டு. முதலாவது, நடுவில் ஒருவன் விலகிக்கொள்வது. ஐந்தாம் மாதம் முடிந்து நால்வரில் ஒருவன் போய்விட்டால் எஞ்சிய ஏழு மாதத்துக்கும் தலைக்கு மூவாயிரம் நாலாயிரமாகிறது. 84,000 என்பது 91,000 ஆகிவிடும். நண்பர்களாகச் சேர்ந்தவர்கள் இந்த ஏழாயிரத்தினால் பகைவர்களாகப் பிரிந்த கதைகள் ஏராளம். யார் எப்போது விலகினாலும் மாற்று ஆளைக் கொண்டுவரும் பொறுப்பு விலகுபவனுடையது என்று முதல் நாளே எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டால் இவ்விபத்து நேராது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் வசனந்தான் (2:282) திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். ஆனால் "நமக்குள் என்ன எழுத்து?" என்று கூச்சப்படுகிறோம்.

இரண்டாவது, கல்லூரிப் பேருந்து. சில தனியார் கல்லூரிகளில் விடுதியில் தங்காத மாணவர் அனைவரும் கல்லூரிப் பேருந்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அது 25,000 என்றால், மேலே நாம் போக்குவரத்துக்கென வைத்த 5,000 இருபதாயிரம் கூடி, சமைத்துச் சாப்பிட்டாலும் 1,04,000 ஆகிவிடும். சேர்க்கைக்குச் செல்லும் நாளிலேயே, "விடுதியில் தங்காவிட்டால் பேருந்துக் கட்டணம் கட்டாயமா?" என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்விக்குரிய விடை முழுக் கணக்கையும் புரட்டிவிடக் கூடியது.

மூன்றாவது, முன்பணம். இதுவே நடுத்தரக் குடும்பத்தின் கழுத்தைப் பிடிப்பது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது நெடுநாளைய வழக்கம். நாம் கொண்ட வீட்டுக்கு அது 1,20,000 ரூபாய், தலைக்கு 30,000. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் (2017), வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. "வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்" என்ற அச்சிறு வாசகமே வீட்டுக்காரர்களுக்குப் போதுமானதாகி விட்டது. ஆயினும் சட்டம் மூன்று மாதத்தைத்தான் இயல்பான அளவாகக் கருதுகிறது என்று எடுத்துரைத்துப் பேரம் பேசத் தடையில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாகும். மாணவர் நால்வருக்கும் சேர்த்து ஒரே பெயரில் ஒப்பந்தம் எழுதினால், சேதத்துக்கும் பாக்கிக்கும் அந்த ஒருவனின் தந்தையே பொறுப்பாவார். நால்வர் பெயரும் இடம்பெறச் செய்வது நலம்.

வெளியேறும் நாளில் "வெள்ளையடிக்க" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. சுவரில் ஆணி அடித்தது யார் என்ற விசாரணையும் நடக்கும். சாவி வாங்கும் அன்றே ஒவ்வோர் அறையையும், குழாயையும், மின் அளவியின் எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வைத்துவிட்டால் அவ்விசாரணை சுருங்கிவிடும்.

முன்பணத்தைப் பற்றிப் பேசுகையில் ஒத்தியைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றி மூன்றாண்டு தங்கி, பின் முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் இம்முறையைச் சென்னையில் "லீசு" என்பர். மூன்றாண்டுப் படிப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போலத் தோன்றும். ஆனால் கொடுத்த கடனுக்குப் பகரமாகக் குடியிருப்பு என்னும் ஆதாயம் பெறுவது வட்டியின் பாற்படும் என்று ஆலிம்கள் பலர் கூறுவதால், இவ்வழியை எண்ணுவோர் தம் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்க. மார்க்கம் ஒருபுறமிருக்க, அந்த வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் உங்கள் லட்சங்கள் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு செலவும் உண்டு. "பேச்சிலர்களுக்கு வீடு இல்லை", "சைவக் குடும்பத்துக்கு மட்டும்" என்ற பலகைகளைக் கண்டு திரும்பியவர்கள் நம்மில் பலர். பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்று கதவை மூடுவோரும் இல்லாமலில்லை. தேர்வு செய்ய வீடுகள் குறையும்போது கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டியதாகிறது. அல்லது கல்லூரியிலிருந்து வெகு தொலைவுக்குத் தள்ளப்படுகிறோம். இது எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறாத செலவு. அதே வேளையில், மாடியைப் பூட்டி வைத்திருக்கும் நம் சமுதாயத்து வீட்டுக்காரர்கள் சிலரும் "மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பிறரை மட்டும் குறை கூறி என்ன பயன்?

உணவுக்கு மீண்டும் வருவோம். கல்லூரி விடுதிகளில் உணவுக் கட்டணம் இரு வகைப்படும். ஒன்று, ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையாக வாங்குவது. மற்றொன்று, மாதத்தின் மொத்தச் செலவை உண்டவர்களின் நாட்கணக்கால் வகுத்துப் பங்கிடுவது. பின்னதில் ஊருக்குச் சென்ற நாட்களுக்குக் கழிவு கிடைக்கும். எத்தனை நாள் தொடர்ச்சியாக இல்லாதிருந்தால் கழிவு என்பது விடுதிக்கு விடுதி மாறும். இதை ஏன் கேட்டு வைக்க வேண்டும் என்றால், ரமலான் 2027-இல் பிப்ரவரியிலும், 2028-இல் ஜனவரி இறுதியிலும், 2029-இல் ஜனவரி நடுவிலும் தொடங்குவதாக வருகிறது. மூன்றுமே கல்லூரி நடைபெறும் காலம். நிலையான கட்டணம் வாங்கும் விடுதியில் பிள்ளை உண்ணாத மதிய உணவுக்கும் பணம் கட்டி, ஸஹருக்கு வெளியே தனியாகவும் செலவழிக்க நேரும். முஸ்லிம் நிர்வாகத்தில் இயங்கும் நிறுவனங்களில், எடுத்துக்காட்டாக இராயப்பேட்டைப் புதுக்கல்லூரி (1951), திருச்சி ஜமால் முகமது கல்லூரி (1951), வண்டலூர் கிரசென்ட் (1984) போன்றவற்றில், இக்கவலை குறைவு. ஏனைய இடங்களில் நோன்பு வைக்கும் மாணவர்கள் ஒன்றுகூடி, ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே காப்பாளரிடம் எழுத்து மூலம் கேட்டால் பல விடுதிகள் இசைகின்றன. இறைச்சி ஹலாலா என்ற ஐயம் உள்ள இடத்தில் சைவ உணவுப் பிரிவில் சேர்ந்துகொண்டால் மனமும் நிம்மதி, கட்டணமும் குறைவு.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழியும் இருக்கிறது: வீட்டிலிருந்தே சென்று வருவது. மேனாம்பேட்டிலேயே குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அம்பத்தூர் ரயில் நிலையம் பெரும் வரப்பிரசாதம். மேற்கே ஆவடி, பட்டாபிராம். கிழக்கே கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், சென்ட்ரல். அங்கிருந்து பேருந்தேறினால் அண்ணா சாலையிலுள்ள காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி, தேனாம்பேட்டையிலுள்ள எஸ்.ஐ.இ.டி. என்று நாம் இன்றும் அழைக்கும் நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி (1955) ஆகியவை எட்டிவிடும் தூரமே. பட்டப்படிப்பு வரையிலான மாணவியர்க்கு வீட்டுக்கும் கல்லூரிக்குமிடையே கட்டணமில்லா ரயில் மாதச்சீட்டு 2008-ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. கல்லூரி வழங்கும் சான்றுடன் நிலையத்தில் விசாரித்துப் பெறலாம். மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. ஆகவே, மகளைத் தூரத்து விடுதியில் சேர்க்க மனமில்லாத குடும்பங்கள் அவளைப் படிக்க வைக்க மறுப்பதற்குச் செலவு ஒரு காரணமாக இருக்க முடியாது. உடல் அலுப்பு மட்டும் மெய். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பயணத்தில் கழியுமானால், தேர்வு மாதங்களிலாவது வீட்டு வேலையிலிருந்து அவளை விடுவிப்பது நியாயமல்லவா?

உறவினர் வீட்டில் தங்க வைப்பது பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. மாமா வீட்டில் வாடகை இல்லை. ஆனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் அதற்கு விலை உண்டு.

பெண் பிள்ளைகளைத் தனியார் மகளிர் விடுதியில் சேர்ப்போர் கட்டாயம் கேட்க வேண்டியது பதிவுச் சான்றாகும். மகளிர், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டது. அதன்படி விடுதி நடத்துவோர் மாவட்ட ஆட்சியரிடம் பதிந்து உரிமம் பெற வேண்டும். சான்றைக் காட்டத் தயங்கும் விடுதி, கட்டணத்தில் ஆயிரம் குறைத்தாலும் வேண்டாம். 2024 செப்டம்பர் 12 அன்று மதுரை கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துப் பற்றிய தீயில் இருவர் உயிரிழந்தனர். அறையைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் கட்டிலையும் குளியலறையையும் பார்ப்பதோடு, இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, சன்னலும் வாயிலும் உள்ளிருந்து திறக்கக் கூடியவையா என்றும் பார்த்து வரவேண்டும்.

கட்டணச் சீட்டில் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தால் அதையும் விளக்கம் கேளுங்கள். மாணவர், பணிபுரியும் மகளிர் ஆகியோருக்கான விடுதிகள் வசிப்பிடமே ஆதலால் அவற்றுக்கு அவ்வரி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றமும், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான, தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாத தங்கலுக்கு விலக்களித்தது. நம் பிள்ளைகள் தங்கும் விடுதிகளுள் மிகப் பெரும்பாலானவை இவ்வரம்புக்குள் அடங்குபவையே.

வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைப்போர்க்கும் இக்கணக்கு மாறுவதில்லை. அமெரிக்காவில் கல்லூரி விடுதி ஒப்பந்தம் பொதுவாகக் கல்வியாண்டுக்கு மட்டும். வெளி வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்துக்கு. முதலாண்டு மாணவர் விடுதியிலேயே தங்க வேண்டும் என்று விதிக்கும் கல்லூரிகளும் அங்குண்டு. மேனாம்பேட்டில் வரும் அதே இரண்டு மாதச் சிக்கல், டாலரில் வருகிறது.

தங்குமிடம் கொடுத்துக் கல்வி கொடுப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த நிஜாமிய்யா மதரஸா, வக்ஃப் வருமானத்திலிருந்து மாணவர்க்கு உறையுளும் உதவித்தொகையும் அளித்தது. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் அந்தந்த நாட்டு மாணவர்க்கென "ரிவாக்" எனப்படும் தங்கும் பகுதிகள் இருந்தன. அங்கே ரொட்டியும் பங்கிடப்பட்டது. அலிகரில் கல்லூரி கண்ட சர் சையத் அகமது கான், வகுப்பறைக்குக் கொடுத்த அதே கவனத்தை விடுதிக்கும் கொடுத்தார். புறநகரில் நிலமும் வாடகை வருமானமும் உள்ள ஜமாஅத்துகள் பள்ளிவாசலின் மேல்தளத்தை மூன்றாம் முறை விரிவுபடுத்துவதற்கு முன்பாக, பதிவு பெற்ற ஒரு சிறு மகளிர் விடுதியைப் பற்றி ஒரு கூட்டத்திலேனும் பேசலாம் என்பது எமது கருத்து.

இறுதியாக, செலவே இல்லாத வழி. தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறையின் கல்லூரி விடுதிகளில் தங்கலும் உணவும் இலவசம். அரசு மாணவர் விடுதிகள் யாவும் 2025 ஜூலையில் "சமூகநீதி விடுதிகள்" என்று பெயர் மாற்றப்பட்டன. ஆகவே பழைய பெயரில் தேடி "இல்லை" என்று திரும்பிவிடாதீர்கள். பெற்றோரின் ஆண்டு வருமானத்துக்கு உச்ச வரம்பு உண்டு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும் என்பது மாணவர்களுக்குரிய விதி; மாணவியர்க்கு அத்தூர விதி இல்லை. அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். எனவே மேனாம்பேட்டுக்காரர்கள் வருமானச் சான்றை அம்பத்தூர் வட்டாட்சியர் வழியாகப் பெற்று, விண்ணப்பத்தைப் பற்றி விடுதி அமைந்துள்ள மாவட்டத்தின் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் செய்தித்தாளில் வரும் ஆட்சியரின் அறிவிப்பில் கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கும். சான்றிதழ்களை மே மாதத்திலேயே எடுத்து வைத்துக் கொள்க.